அஞ்சிய நாயும் அடைக்கலமும்

வன்னிப் பெருநிலப்பரப்பிலே நாயில்லாத வளவு ஒன்றைக் காண்பது அரிது. காட்டை அடுத்து வாழும் குடியானவனுக்கு நாய் ஓர் அலங்காரப் பிராணியன்று. படலையும் கிணறும் மாட்டுக்கொட்டிலும் எங்ஙனம் வளவின் உறுப்புகளோ அங்ஙனமே நாயும் ஓர் உறுப்பு. நள்ளிரவில் யானை வேலியை நெருங்கினால் முதற்குரல் கொடுப்பது அது. மரவள்ளித் தோட்டத்திற் பன்றி புகுந்தாலும், கோழிக்கூட்டை நாகம் நாடினாலும் நமக்கு முன்னே அறிவது அது. இங்குள்ளோர், 'நாங்கள் நாய் வளர்க்கிறோம்' என்று சொல்வது குறைவு. 'எங்கள் வளவில் ஒரு நாய் நிற்கிறது' என்பார்கள். பலாமரம் நிற்கிறது என்பது போல.

அத்தகைய நாட்டிலே, அடைக்கலமாக வந்த ஒரு நாயை எட்டு மாதம் வைத்திருந்து, பின்னர் வைத்திருக்க இயலாது வேறொருவர் கையில் ஒப்புவித்தவன் நான். இவ்வரலாற்றை எழுதப் போகிறேன் என்றபோது என் இல்லாள், "இதையும் ஊருக்குச் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டாள். சொல்ல வேண்டும் என்றே எண்ணுகிறேன். கைவிடப்பட்ட நாயைக் கொணர்ந்து நல்ல வண்ணம் வளர்த்த கதைகளை எல்லோரும் எழுதுகிறார்கள். வளர்க்க முடியாமற் போனவர்கள் வாய் திறப்பதில்லை. ஆகையால் அத்துன்பத்திற் சிக்குகின்ற ஒவ்வொருவரும், இக்கொடுமையைச் செய்தவர் உலகில் தாம் ஒருவரே என்று எண்ணி மறுகுகின்றனர்.

இக்கதை விளங்க வேண்டுமாயின் முதலில் வேறொரு நாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் சொந்த ஊர் கிளிநொச்சிக்கு அண்மையிலுள்ள ஒரு குடியேற்றக் கிராமம். அங்கே வீமன் என்றொரு செந்நிற நாய் எங்களிடம் நின்றது. பெயருக்கேற்ற உடம்பும் பெயருக்கேற்ற பசியும் அதற்கு உண்டு. 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் போர் எங்கள் ஊரை நெருங்கியபோது, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றக்கூடியவற்றை ஏற்றிக்கொண்டு தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு எனக் கிழக்கு நோக்கி நகர்ந்த பல்லாயிரம் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. வீமன் பெட்டியின் பின்னே ஓடி வந்தது. ஒவ்வோர் இடத்திலும் நாங்கள் பதுங்குகுழி வெட்டினோம். அதனுள் முதலில் இறங்குவது வீமனே. எறிகணை வருவதை எங்கள் செவி அறியுமுன் அதன் செவி அறிந்தது. வீமன் இறங்கினால் நாங்களும் இறங்குவோம். ஷெல் சத்தம் கேட்டபின் ஓடியவர்கள் சிலர் இன்று இல்லை. நாங்கள் இருக்கிறோம்.

2009 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஓரிரவு மீண்டும் இடம்பெயர வேண்டி வந்தது. இருளில், சத்தமின்றி, கையிற் பிள்ளைகளோடு செல்ல வேண்டிய பயணம். நாய் குரைத்தால் எல்லோருக்கும் ஆபத்து என்று கூட வந்தோர் கூறினர். வீமனை ஒரு தென்னையிற் கட்டினேன். விடிந்ததும் திரும்பி வந்து அவிழ்ப்பதாகவே எண்ணியிருந்தேன். விடிந்தபோது அவ்வழி அடைபட்டிருந்தது. முடிச்சுப் போட்டது இந்தக் கை. கட்டாமல் துரத்தி விட்டிருக்கலாம் என்னும் எண்ணம் அன்று தொடங்கி இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை.

மனிதரே செத்துக்கொண்டிருந்த காலத்தில் நாய்க்கு அழுவதா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அக்காலத்தில் நாங்களும் அதற்கு அழவில்லை. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் நீருக்கும் உணவுக்கும் வரிசையில் நின்ற நாட்களில் வீமனின் நினைவு வந்ததாகவே எனக்கு ஞாபகமில்லை. 2010 இல் மீள்குடியேறச் சென்று, கூரையற்ற எங்கள் வீட்டு வாயிலில் நின்று, பழக்கத்தினால் "வீமா!" என்று வாய் தவறி அழைத்தபோதுதான் அந்தத் துக்கம் வந்தது. ஊரிலே நாய்கள் இல்லாமலில்லை. எலும்புந் தோலுமாய்க் கூட்டங் கூட்டமாய்த் திரிந்தன. மனிதரைக் கண்டால் வாலை ஒடுக்கிக்கொண்டு பற்றைக்குள் ஓடின. முன்பு யார் யார் வீட்டு வாயிலிலோ படுத்துக்கிடந்த நாய்கள் அவை.

இது வன்னிக்கு மாத்திரம் உரிய துயரமன்று. 1939 ஆம் ஆண்டு செப்டெம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டவுடன், குண்டு விழுமுன்னரே, பிரித்தானிய மக்கள் தங்கள் வீட்டு நாய் பூனைகளை இலட்சக்கணக்கில் மிருக வைத்தியர்களிடம் கொண்டு சென்று கொல்லுவித்தனர். 1986 இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது பிரிப்பியாத் நகரத்து மக்கள் மூன்று நாளில் திரும்பலாம் என்ற சொல்லை நம்பி, நாய்களை விட்டுவிட்டுப் பஸ்களில் ஏறினார்கள். மூன்று நாள் என்றது மூன்று தலைமுறையாகிவிடும் போலிருக்கிறது.

இனி இரண்டாவது நாய்க்கு வருவோம்.

உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியபின் நானும் மனைவியும் ஒட்டுசுட்டான் பக்கத்திலுள்ள மகள் வீட்டோடு வந்து சேர்ந்தோம். 2017 ஆம் ஆண்டு வைகாசி மாதம், வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த மறு வாரம், மாங்குளம் வீதியோரத்தில் அந்த நாயைக் கண்டேன். கன்னங்கரேலென்ற நிறம். வால் பாதியில் அறுந்திருந்தது. இடுப்பைச் சுற்றி மயிர் முளைக்காத ஒரு வளையம். பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் எப்போதோ அகப்பட்டுத் தப்பியிருக்க வேண்டும். வன்னிக் காட்டோரங்களிற் சுருக்கும் கட்டுத்துவக்கும் பன்றிவெடியும் பன்றியை மாத்திரம் பார்த்து வைக்கப்படுவதாக வைப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். முச்சக்கரவண்டிக்காரத் தம்பியின் உதவியோடு, ஒரு சாக்கினால் மூடி அதனைத் தூக்கி வந்தேன். மூன்று நாள் அது கட்டிலின் கீழிருந்து வெளிவரவில்லை.

நாலாம் நாள் இரவு, எல்லோரும் உறங்கியபின், வைத்த சோற்றை அது உண்ணுஞ் சத்தம் கேட்டது. இல்லாள் என்னை மெல்லத் தட்டி, "கேட்குதா?" என்றாள். அந்த இருட்டிலே நாங்கள் இருவரும் அடைந்த மகிழ்ச்சியை இன்று எண்ணினாலும் வியப்பாக இருக்கிறது. மறுநாட் காலையில் அதற்கு வீமன் என்று பெயர் சூட்டினேன்.

அங்கேதான் முதற் பிழை நேர்ந்தது.

நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு கறுப்பு நாயை; என் மனத்தில் வைத்துச் சோறிட்டது ஒரு சிவப்பு நாய்க்கு. தென்னையிற் கட்டிய முடிச்சை இந்த நாயிடம் அவிழ்க்கப் பார்த்தேன். அதற்கு அந்த முடிச்சைப் பற்றி என்ன தெரியும்? அதன் உடம்பில் வேறு முடிச்சு இருந்தது. முதல் வீமன் என் சாய்மனைக் கதிரையின் கீழ்ப் படுப்பது வழக்கம். இதுவும் அங்கே படுக்க வேண்டுமென்று எதிர்பார்த்தேன். முதல் வீமன் தலையைத் தடவினால் கண்ணை மூடிக்கொள்ளும். இதன் தலையைத் தடவக் கை நீட்டும்போதெல்லாம் இது உடம்பைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, முகத்தை அப்புறந் திருப்பி, கடைக்கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். கொட்டாவி விடும், உதட்டை நக்கும். நித்திரை வருகிறது, பசிக்கிறது என்று நாங்கள் பொருள் கொண்டோம். இவையெல்லாம் 'போதும், விலகிச் செல்' என்று நாய் சொல்லும் மொழி என்பதை மிகப் பிந்தியே அறிந்தேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு இலக்கணம் கற்பித்தவனுக்கு இந்த எழுத்து வாசிக்கத் தெரியவில்லை.

ஊரிலே யானை இல்லாதிருந்தால் ஒருவேளை காலம் எங்களுக்கு உதவியிருக்கும். ஒட்டுசுட்டானைச் சூழ்ந்த கிராமங்களில் நெல் முற்றும் பருவம் யானை வரும் பருவமுமாகும். வனசீவராசிகள் திணைக்களத்தார் விவசாயிகளுக்கு யானைவெடி வழங்குவதுண்டு. இரவிலே காவற்கொட்டிலிலிருந்து ஒருவர் கொளுத்தினால் அடுத்த வயற்காரரும் கொளுத்துவார். எங்களைப் போன்றோருக்கே அந்த ஓசை எழுந்தவுடன் சில கணம் இது எந்த ஆண்டு என்பது மறந்து போகும். மனிதச் செவி எட்டக்கூடிய ஓசையின் உச்சம் வினாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு. நாயின் செவியோ 45,000 வரை எட்டுமென்பர். நமக்குக் கேளாத மெல்லிய ஓசையும் அதற்குக் கேட்கும். அத்தகைய செவிக்கு யானைவெடி எப்படியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாமேயன்றி உணர முடியாது. ஒரு வெடி கேட்டால் எங்கள் நாய் இரண்டு நாளைக்கு உண்ணாது. வாயால் நுரை ஒழுக, சுவரை நகத்தாற் பிறாண்டிப் பிறாண்டி இரத்தம் வரச் செய்துகொள்ளும்.

"பழகிவிடும்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அச்சம் எப்போதும் பழகித் தீருவதில்லை என்பதை ருஷ்ய விஞ்ஞானி பவ்லவின் ஆய்வுசாலையிலே நடந்த ஒரு சம்பவம் காட்டும். 1924 ஆம் ஆண்டு செப்டெம்பர் 23 ஆந் தேதி லெனின்கிராட் நகரில் நேவா நதி பெருக்கெடுத்தது. ஆய்வுசாலை நாய்களின் கூடுகளில் வெள்ளம் புகுந்து, அவை கூட்டின் கூரையோடு மூக்கை ஒட்டி நீந்திக்கொண்டிருந்தன. கூட்டின் கதவோ நீருக்கடியிலிருந்தது. ஆகவே காப்பாற்ற வந்தவர்கள் அவற்றை நீருள் அமிழ்த்தி வெளியே இழுக்க வேண்டியதாயிற்று. நாய்கள் உயிர் தப்பின. ஆனாற் பின்னர் சோதித்தபோது, அவற்றுட் சில, நெடுநாள் பயின்ற பாடங்களை மறந்திருந்தன. ஒரு நாய் பல வாரப் பொறுமையின் பின் ஒருவாறு தேறிய சமயத்தில், கதவின் கீழால் ஒரு சிறு நீரோட்டத்தை விட்டுப் பார்த்தனர். அந்தச் சிறு நீரைக் கண்ட மாத்திரத்தில் அதன் தேற்றமெல்லாம் மீண்டும் குலைந்து போயிற்று. பவ்லவின் நாய்க்கு வெள்ளம் ஒருமுறை வந்தது. எங்கள் நாய்க்கோ அறுவடைக் காலத்தில் இரவுதோறும் வந்தது.

நாய்க்குட்டி பிறந்து ஏறக்குறைய மூன்றாம் வாரந் தொடங்கி பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலம் அதன் வாழ்வையே தீர்மானிக்குங் காலம் என்று ஸ்கொட், புல்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1965 இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தனர். அக்காலத்தில் மனிதக் கையையும் மனிதக் குரலையும் நன்மையாக அறியாத குட்டி, பின்னர் எத்துணை அன்பு காட்டினும் மனிதரிடத்து முழு நம்பிக்கை கொள்வது அரிது. எங்கள் நாய் அந்த வாரங்களை எந்தப் பற்றைக்குள் கழித்ததோ!

எங்கள் பகுதிக்கு வரும் மிருக வைத்தியர் பெரும்பாலும் பால்மாட்டையும் ஆட்டையும் பார்ப்பவர். ஆயினும் பொறுமையாகக் கேட்டார். "மாஸ்ரர், இதற்கு மருந்து இருக்கிறது. மாதக்கணக்கிற் கொடுக்க வேண்டும். ஆனால் மருந்து அச்சத்தின் சூட்டைக் கொஞ்சம் தணிக்குமே தவிர, அச்சத்துக்குக் காரணமானதை அகற்றாது. யானையை உங்களால் நிறுத்த முடியுமா?" என்றார். மேலும், நாய் உறுமினால் அதட்ட வேண்டாம் என்று வற்புறுத்திச் சொன்னார். உறுமல் என்பது கடிக்குமுன் தரும் அறிவித்தல். அறிவித்தலுக்குத் தண்டனை கொடுத்தால், அடுத்த முறை அறிவித்தல் இல்லாமலே கடி விழும். அந்த வார்த்தை எங்கள் வீட்டுக்குச் சற்றுப் பிந்தி வந்தது. அதற்குமுன் ஐந்து மாதமாக, உறுமும் போதெல்லாம் நான் உரத்து அதட்டி, அதனை மௌனியாக்கி விட்டிருந்தேன். அதனைத் திருத்திவிட்டதாக அயலவரிடம் பெருமையும் பேசியிருந்தேன்.

2018 ஆம் ஆண்டு தை மாதம். பொங்கல் கழிந்து சில நாள். இரவு எட்டு மணியளவில் வயற்பக்கம் தொடர்ந்து நாலைந்து வெடி. நாய் கட்டிலின் கீழ் ஓடி ஒளிந்தது. ஐந்து வயதான என் பேர்த்தி, வெடிக்குத் தானும் அஞ்சுகிறவள், "வீமன் பாவம், அம்மப்பா" என்று சொல்லிக்கொண்டே கட்டிலின் கீழ்க் கையை நீட்டினாள். உறுமல் இல்லை. கடி மாத்திரம்.

அதற்கடுத்த ஒரு மணி நேரத்தைப் பற்றி விரிவாக எழுத விரும்பவில்லை. விசர்நாய்க்கடி நோய் தொடங்கியபின் அதற்கு மருந்தில்லை. தொடங்குமுன் தடுக்க மருந்துண்டு. கடிபட்ட இடத்தை உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் ஒன்றும் வைக்கலாகாது. பின்னர் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். இலங்கையில் 1973 ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நோயால் 377 பேர் இறந்தனர். பிற்காலத்தில் அத்தொகை ஆண்டுக்குச் சில பத்தாகக் குறைந்ததென்றால், அதற்குக் காரணம் நாய்களுக்கு ஏற்றும் தடுப்பூசியும், கடிபட்டோர் தாமதமின்றி ஆஸ்பத்திரியை நாடுவதுமே. எங்கள் நாய்க்கு ஊசி போட்டு அட்டையும் வைத்திருந்தோம். ஆயினும் பிள்ளைக்கு ஊசி போடப்பட்டது. உள்ளங்கையில் மூன்று தையல். நாயைப் பதினான்கு நாள் அடைத்து வைத்துக் கவனிக்கும்படி பணித்தார்கள்.

கட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை. விறகுக் கொட்டிலைத் துப்புரவாக்கி அதனுள் விட்டேன். தைத்த கையோடு வீடு வந்த பேர்த்தி, நாயை ஏசவில்லை. "நான் சொல்லாமல் கையை நீட்டினேன்" என்றாள். அவளுடைய தாய் அன்றிரவு ஒன்றும் பேசவில்லை. மறுநாட் காலை தேநீரை என் முன் வைத்துவிட்டு, "அப்பா, எனக்கு அதில் கோபமில்லை. ஆனால் நான் தோட்டத்தில் நிற்கிறபோது வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று நினைத்து நினைத்து என்னால் வேலை செய்ய முடியாது" என்றாள். அவள் சொன்னது அவ்வளவே. 'நாயா, பிள்ளையா' என்று கேட்டிருந்தால் நான் வாதாடியிருப்பேன். அவள் அப்படிக் கேட்கவில்லை.

அப்பதினான்கு நாளும் எங்கள் திண்ணையில் ஆலோசனைக்குக் குறைவில்லை. ஒருவர், சங்கிலியிற் கட்டி வளருங்கள் என்றார். அச்சமுள்ள நாயைச் சங்கிலியிற் கட்டுவது, நீந்தத் தெரியாதவனைக் கல்லோடு கட்டுவது போன்றது. ஓடித் தப்பும் வழி அடைபட்டால் அதற்கு எஞ்சுவது பல் ஒன்றே. இன்னொருவர், முறிகண்டியிற் கொண்டுபோய் இறக்கிவிட்டு வாருங்கள் என்று இலேசாகச் சொன்னார். கண்டி வீதியாற் போகும் வாகனமெல்லாம் பிள்ளையாருக்குக் கற்பூரங் கொளுத்தி, கச்சான் வாங்கிச் செல்லும் இடமாகையால், அங்கே நாய்க்கு உணவுக்குப் பஞ்சமில்லையாம். எத்தனையோ பேர் அப்படித்தான் செய்கிறார்களாம். பகல் முழுதும் பஸ்ஸும் லொறியும் ஊதிக்கொண்டு நிற்கும் சந்தியில், வெடிச் சத்தத்துக்கு நுரை தள்ளும் நாயை விடுவதா? முச்சக்கரவண்டிக்காரத் தம்பி, கொல்லுவிப்பதே தர்மம் என்றான். அவன் கல்நெஞ்சக்காரனல்லன், நாய் படும் பாட்டைப் பார்த்துச் சொன்னான். எங்கும் இடமில்லாத, எந்நேரமும் நடுங்குகின்ற, பலமுறை கடித்த நாய்க்கு மிருக வைத்தியரின் ஊசியால் வேதனையற்ற முடிவு தருவதைப் பாவமென்று நான் கூறமாட்டேன். ஆயின் எங்கள் நாய் ஒருமுறை கடித்தது. அதுவும் ஒளிந்த இடத்திற் கை வந்தபோது கடித்தது. அதற்குரிய இடம் எது என்று நாங்கள் இன்னும் தேடவேயில்லை.

உறவினர் ஒருவர், சொர்க்க வாயிலில் நாயைக் கைவிட மறுத்த தருமரின் கதையை எனக்கு நினைவூட்டினார். நானே பல வருடம் வகுப்பிற் சொன்ன கதை. அந்த நாய் யமதருமனே என்பதையும், வழிநெடுக அது ஒருவரையும் கடிக்கவில்லை என்பதையும் அவருக்குப் பணிவோடு எடுத்துரைத்தேன்.

வாசகர்கள், நாய்களுக்கென்று புகலிடங்கள் இல்லையா என்று கேட்கலாம். 1893 ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிச் சட்டமும் 1901 ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுச் சட்டமும் வெள்ளையர் காலத்தவை. தெருநாயைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் 2006 இற் கைவிடப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியுமே வழியென்று அரசாங்கம் கொள்கை வகுத்தது. நல்ல கொள்கை. ஆயின் கொல்லாது விட்ட நாய் எங்கே வாழ்வது என்ற கேள்வி எஞ்சியது. பிள்ளைச் செல்வம் போல் எண்ணி இத்தொண்டைச் செய்வோரும் உளர். கிளிநொச்சி மாவட்டத்து இயக்கச்சியிலே சிவபூமி அறக்கட்டளையினர் நாய்களுக்கென ஒரு சரணாலயமே அமைத்தனர். எனினும் பல நாய்கள் சேர்ந்து குரைக்கும் இடம், அது எத்துணை அன்பு நிறைந்ததாயினும், ஓசைக்கு அஞ்சும் இந்த ஒரு நாய்க்குப் பொருந்தாது. அதற்கு வேண்டியது மக்கள் குறைந்த, பிள்ளைகள் இல்லாத, யானை வாராத ஓரிடம்.

வன்னியில் யானை வாராத இடம் எது? இந்தக் கேள்விக்கு விடை சொன்னவள் என் இல்லாள். "பூநகரியில் அண்ணை இருக்கிறார்" என்றாள்.

அவளுக்கு ஒன்றுவிட்ட தமையன் முறையானவர். பூநகரியிற் கடலேரியை அண்டிய வெளியில் ஆடு வளர்ப்பவர்; தனிக்கட்டை. அவர் தனிக்கட்டையானது எப்படி என்பது வேறு கதை. அதை எழுத எனக்கு உரிமையில்லை. 2011 இற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் யாழ்ப்பாணத்து வாகனங்கள் அவ்வழியே போய் வருகின்றன. ஆயினும் அவருடைய வளவு வீதியிலிருந்து உட்புறமாகத் தூரத்தில் உள்ளது. காற்றின் ஓசையும் ஆட்டின் மணியோசையுமே அங்கு உண்டு.

தொலைபேசியில் எல்லாவற்றையும் ஒளிக்காமற் சொன்னேன். கடித்ததைச் சொன்னேன், உறுமாமற் கடிக்கும் என்பதைச் சொன்னேன், அப்படி ஆக்கியவன் நானே என்பதையும் சொன்னேன். நாயைக் கைமாற்றுவோர் பலர் இங்கேதான் நாக்கைச் சுருட்டிக்கொள்கிறார்கள். 'நல்ல நாய், இடவசதி இல்லாமற் கொடுக்கிறோம்' என்று சொல்லி, அடுத்த வீட்டுப் பிள்ளையின் கைக்குக் கடியை அனுப்பி வைக்கிறார்கள். மறுமுனையிற் சற்று நேரம் மௌனம். பிறகு, "அதற்கு நான் என்ன செய்ய வேண்டும், மச்சான்?" என்று கேட்டார்.

"ஒன்றும் செய்யாமலிருக்க வேண்டும்" என்றேன். எட்டு மாதத்தில் நான் கற்றது அதுவே.

"அது எனக்கு வரும்" என்றார்.

பதினைந்தாம் நாள் விடியுமுன் ஒரு சிறு லொறியிற் புறப்பட்டோம். நாய்க்கு மிருக வைத்தியர் தந்த மருந்தைச் சோற்றில் வைத்திருந்தோம். அது படுத்திருந்த சாக்கையும், உண்ட சட்டியையும், என் பழைய சாரம் ஒன்றையும் கூட எடுத்துக்கொண்டேன். பழகிய மணம் புதிய இடத்தில் துணையாகும் என்று அவர் சொல்லியிருந்தார். மாங்குளத்திற் கண்டி வீதியில் ஏறி, முறிகண்டியில் நிற்காமற் கடந்து, கிளிநொச்சி தாண்டிப் பரந்தனில் இடப்புறம் திரும்பினோம். எங்கள் பழைய ஊருக்குப் பிரியும் பாதையைக் கடந்தபோது நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். பேர்த்தி வழியனுப்ப எழுந்திருக்கவில்லை. எழுப்ப வேண்டாமென்று மகள் சொல்லியிருந்தாள். அது சரியான யோசனையா என்று இப்பொழுதும் எனக்கு ஐயம். அந்தப் பிள்ளை அன்று மாலை விறகுக் கொட்டிலின் முன் நெடுநேரம் இருந்தாளாம்.

பூநகரியில் அவர் எங்களை வரவேற்ற விதம் எனக்கு வியப்பூட்டியது. லொறியின் கதவைத் திறந்தார், நாயைப் பார்க்கவேயில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு ஆட்டுக் கொட்டிலின் நிழலில் இருந்து, கயிறு திரிக்கத் தொடங்கினார். நாய் இறங்கி, வளவின் மூலையிலிருந்த வடலிக் கூட்டத்துள் நுழைந்து மறைந்தது. "இராவைக்குச் சோறு வைப்பேன். பிடித்தால் வந்து தின்னட்டும்" என்றார். எனக்குக் கொடுத்த தேநீரை நான் குடிக்கும்வரை அவர் ஒருமுறையும் அந்த வடலிப் பக்கம் திரும்பவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தவன் நான்.

ஊருக்கு வந்த பின்னர் பல நாள் எங்கள் வீடு ஏதோ குற்றஞ் செய்த வீடு போலிருந்தது. யானைவெடி கேட்கும் இரவிற் கட்டிலின் கீழ் எவரும் இல்லை என்பதில் ஓர் ஆறுதல். அந்த ஆறுதலுக்காக ஒரு வெட்கம். சோற்றுப்பானையில் ஒரு பிடி மிகுந்துகொண்டேயிருந்தது; இல்லாளுக்கு அளவு மாற்றிப் போடக் கை வரவில்லை. "வேறொரு நாய் பார்க்கட்டுமா?" என்று அயலிலுள்ள ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். இப்போதைக்கு வேண்டாம் என்று இல்லாள் திருத்தினாள்.

அதே ஆண்டு ஆவணியில், யாழ்ப்பாணத்தில் ஒரு திருமணத்துக்குப் போகும் வழியிற் பூநகரியில் இறங்கினேன். பேர்த்தியும் உடன் வந்தாள். கையிலிருந்த தழும்பு வெளிறிவிட்டது. நாய் ஆட்டுக் கொட்டிலின் வாயிலில், வெயிலில், நாலு காலையும் நீட்டிப் பக்கவாட்டிற் படுத்திருந்தது. எங்கள் வீட்டில் எட்டு மாதத்தில் ஒருநாளும் அது அப்படிப் படுத்து நான் கண்டதில்லை. உடம்பு சற்றுப் பூசியிருந்தது. இடி இடித்தால் இன்னும் வடலிக்குள் ஓடிவிடுகிறது என்றும், அந்நியர் வந்தால் எழுந்து போய்விடுகிறது என்றும், தம் கையிலிருந்து ஒருமுறை மாத்திரம் கருவாட்டுத் துண்டு ஒன்றை வாங்கிற்று என்றும் அவர் சொன்னார். அந்த ஒருமுறையை அவர் சொன்ன விதத்தில் மிகுந்த திருப்தி தெரிந்தது.

வேலிக்கு வெளியே நின்று, நான் மெல்ல, "வீமா" என்றேன்.

காது அசையவில்லை.

"அந்தப் பெயர் இப்போது இல்லை, மச்சான். கறுப்பு நிறம், வாலும் மொட்டை. பூநகரிக்கு வந்த பிறகு வேறு என்ன பெயர் வைக்க?" என்று சிரித்தார். எங்கள் நாட்டிலே பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசியை அறியாதார் யார்! பின்னர் அவர், உரத்து அழைக்காமல், பக்கத்திலிருப்பவரோடு பேசுவது போல, "கறுப்பன்" என்றார்.

அது தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. எங்களையும் பார்த்தது. பேர்த்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மப்பா, நாங்கள் கிட்டப் போக வேண்டாம்" என்று இரகசியமாகச் சொன்னாள். இருவரும் வேலிக்கு வெளியே பூவரசின் நிழலில் இருந்து, அவர் வெட்டித் தந்த இளநீரைக் குடித்தோம். பஸ் வருவதற்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.